கரியும் வயிரமும்

வயிரம் என்னும் சொல் தமிழில் பல பொருள் குறித்த ஒரு சொல்லாகும். நவமணிகளுள் தலையாய மணியும் வயிரமே. முதிர்ந்த மரத்தினுள்ளே இறுகிக் கறுத்த காழும் வயிரமே. நெஞ்சினுள்ளே நெடுநாள் உறைந்து நீங்காத பகையும் வயிரமே. இம் மூன்றையும் ஒரு சொல்லாற் குறித்த முன்னோர், மூன்றிற்கும் பொதுவாய பண்பு வன்மை என்பதனை நன்கு உணர்ந்திருந்தனர். இந்திரன் கைக்கொண்ட வச்சிராயுதம் ததீசி முனிவரின் என்பினால் ஆக்கப்பட்டது என்னும் புராணக் கதையும் வன்மையின் எல்லையையே சுட்டி நிற்கின்றது. ஆயின், அவ்வன்மை எதனால் வந்தது? மணியாகிய வயிரம் எப்பொருளால் ஆயது? இவ்வினாக்களுக்கு விடை கண்ட வரலாறு இருநூற்றைம்பது ஆண்டு எல்லைக்குள் அடங்குவது. அவ்விடையோ எவரும் எதிர்பாராதது. அடுப்பிலே கிடக்கும் கரியும் அரசர் முடியிலே கிடக்கும் வயிரமும் ஒரே மூலகம் என்பதே அது.

கரி மெலிந்தது, கையிற் பட்டால் ஒட்டிக்கொள்வது, விரலால் நசுக்கத் தக்கது. அத்தகைய கரியால் ஆயிருந்தும் வயிரம் ஏன் இத்துணை வன்மையுடையதாயிற்று என்று மாணவர் வினவுவது இயல்பே. அவ்வினாவின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இலங்கையின் வடமேல் மாகாணத்தைப் போல வாய்ப்பான களம் பிறிதொன்றில்லை எனலாம். புத்தளம், குருணாகல் என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது இம்மாகாணம். இதன் மேற்குக் கரையிலே, ஒருபால் கடலும் மறுபால் புத்தளக் களப்பும் சூழ்ந்த கற்பிட்டித் தீபகற்பத்திலே, நுரைச்சோலை உள்ளது. அங்கு அமைந்த இலக்விசய அனல் மின்னிலையம் 2011 ஆம் ஆண்டில் முதற் பிறப்பாக்கியை இயக்கி, 2014 இல் மூன்று பிறப்பாக்கிகளும் நிறைவுற்று, 900 மெகாவாற்று ஆற்றலுடையதாயிற்று. கடல் கடந்து வந்த நிலக்கரியே அதன் உணவு. அதே மாகாணத்தின் உட்பகுதியிலே, குருணாகல் மாவட்டத்துக் கஃகட்டகஃகவில், நிலத்தைக் குடைந்து காரீயம் எடுக்கப்படுகின்றது. எரியும் கரியும் எழுதும் கரியும் ஆகிய இரண்டும் ஒரு மாகாணத்திலே காணப்படுகின்றன. மூன்றாவதாகிய வயிரம் மட்டும் இம்மண்ணிற் கிடைப்பதன்று. மாத்தறை வயிரம் என்று முற்காலத்தில் வழங்கப்பட்டது உண்மை வயிரம் அன்று. சேர்க்கன் என்னும் வேறொரு கல்லேயாம்.

பண்டைக் காலத்தில் உலகிற்கு வயிரம் வழங்கிய நாடு பாரதம். கௌடிலியரின் அருத்தசாத்திரமும் வராகமிகிரரின் பிருகற்சங்கிதையும் வயிரத்தின் இலக்கணம் கூறுவன. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே மதுரை மாநகரின் மணிக்கடை வீதியை வருணிக்குமிடத்து வயிரத்தின் குணமும் குற்றமும் பேசப்படுகின்றன. இந்நூல்கள் நிறம், வடிவம், ஒளி, குற்றம், விலை என்பவற்றை நுணுகி ஆராய்வன. வணிகனுக்கும் அரசனுக்கும் வேண்டிய அறிவு அதுவே. கிருட்டிணை ஆற்றங்கரையிலுள்ள கொல்லூர்ச் சுரங்கத்தைப் பதினேழாம் நூற்றாண்டிற் கண்ட தவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர், ஆடவரும் மகளிரும் சிறுவருமாய் ஏறத்தாழ 60,000 பேர் அங்கு உழைத்ததாக எழுதினார். அங்கு எடுக்கப்பட்ட மணிகள் கோல்கொண்டாச் சந்தையிலே விலையாயின. அதனால் அவ்வூரின் பெயரே வயிரத்திற்கு அடையாயிற்று. 1725 ஆம் ஆண்டளவில் பிரேசிலிலும், 1867 ஆம் ஆண்டளவில் தென்னாபிரிக்காவிலும் வயிரம் கண்டறியப்பட்ட பின்னரே பாரதத்தின் தனியுரிமை நீங்கியது.

வயிரம் எப்பொருளால் ஆயது என்னும் வினாவிற்கு விடை தந்தது தீயே. 1694, 1695 ஆம் ஆண்டுகளில் இத்தாலியப் புளோரன்சு நகரிலே பெரிய குவிவில்லை ஒன்றினாற் சூரிய ஒளியை வயிரத்தின்மீது குவித்தனர். அம்மணி சிறுகச் சிறுகக் குறைந்து மறைந்தொழிந்தது. மாணிக்கமோ அவ்வாறு மறையவில்லை. அழியாப் பொருள் எனப்பட்டது அழிந்தமை அக்காலத்தாருக்குப் பெருவியப்பாயிற்று. ஒளியை மிகுதியாய் முறிக்கும் இயல்பினை நோக்கி, வயிரம் எரியத் தக்க பொருளாயிருத்தல் கூடுமென நியூற்றன் தமது ஒளியியல் நூலில் ஊகித்தார்.

1772 ஆம் ஆண்டிலே பிரான்சிய அறிஞர் இலவோசியே இச்சோதனையை மூடிய கலத்தினுள்ளே நிகழ்த்தினார். காற்றுப் புகாதவிடத்து வயிரம் கெடாதிருந்தது, காற்றுள்ளவிடத்து எரிந்தது. எரிந்தபோது எழுந்த வளி சுண்ணாம்புத் தெளிநீரைப் பால்போற் கலங்கச் செய்தது. கரி எரியும்போதும் இவ்வளியே எழும். எனினும், கரியும் வயிரமும் ஒன்றேயென்று துணிந்துரைக்க இலவோசியே முன்வரவில்லை. ஒரே வளியைத் தருதல் மட்டும் போதாது. எத்துணை நிறையுடைய பொருள் எத்துணை வளியைத் தந்தது என்பதும் அளக்கப்படல் வேண்டும்.

அக்குறையை நிரப்பியவர் சிமிதசன் தெனன்ற் என்னும் ஆங்கிலேயர். அவர் பொற்குழாய் ஒன்றினுள்ளே வெடியுப்புடன் வயிரத்தை இட்டு எரித்து, எழுந்த வளியை அளந்தார். குறித்த நிறையுள்ள கரி தரும் வளியின் அளவும், அதே நிறையுள்ள வயிரம் தரும் வளியின் அளவும் ஒத்திருந்தன. 1797 இல் அவர் இம்முடிவை வெளியிட்டார். 1814 இல் ஹம்பிரி டேவி, தமக்கு உதவியாளராயிருந்த இளைஞர் மைக்கேல் பரடேயுடன் புளோரன்சு நகரடைந்து, அங்கிருந்த பெரிய வில்லையைக் கொண்டு தூய ஒட்சிசனில் வயிரத்தை எரித்தார். காபனீரொட்சைட்டு அன்றி வேறெதுவும் தோன்றவில்லை; நீரின் துளியும் காணப்படவில்லை. வயிரம் தூய காபன் என்பது அன்றோடு ஐயமற நிலைநாட்டப்பட்டது. இன்றும் நுரைச்சோலை உலையில் எரியும் நிலக்கரியிலுள்ள 12 கிலோகிராம் காபன் 44 கிலோகிராம் காபனீரொட்சைட்டைத் தரும். 12 கிலோகிராம் வயிரத்தை எரிப்பார் உளராயின் அவர்க்குக் கிடைப்பதும் அதே 44 கிலோகிராமே. தராசின்முன் இரண்டிற்கும் வேற்றுமையில்லை.

காரீயத்தின் வரலாறும் ஏறக்குறைய இக்காலத்ததே. அதனை ஈயத்தின் ஒரு வகையென்றே பல்லாண்டு மயங்கினர். ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகவே மேனாட்டார் அதற்குப் பிளம்பேகோ எனப் பெயரிட்டனர். காரீயம் என்னும் தமிழ்ப் பெயரும் அம்மயக்கத்தையே காட்டும். 1779 இல் சுவீடன் நாட்டுச் சீலே என்பார் அதனை வெடியுப்புடன் காய்ச்சி, அது காபனே எனக் காட்டினார். 1789 இல் வேர்னர் என்னும் செருமானியர், எழுதுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராபைற்று என்னும் பெயரை அமைத்தார்.

இலங்கைக் காரீயம் பாறைப் பிளவுகளிலே நரம்பு போல ஓடிப் படிந்தது, தூய்மையிற் சிறந்தது. உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்கு அது பெரிதும் விரும்பப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அதன் ஏற்றுமதி வளர்ந்து, முதலாம் உலகப் போர்க் காலத்தில் உச்சநிலை அடைந்தது. இலங்கையின் முதற் பிரதமராகிய டி. எஸ். சேனநாயக்காவின் தந்தையார் பொருளீட்டியது இத்தொழிலிலேதான். போர் முடிந்த பின்னர்த் தேவை குறைந்தது. மடகாசுக்கர்க் காரீயமும் போட்டிக்கு வந்தது. 1971 இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. இக்காலத்தே மின்கலங்களின் தேவையால் அப்பொருள் மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளது.

மூன்றும் காபனே என்பது துணியப்பட்ட பின்னர், பழைய வினா முன்னிலும் கடுமையாய் எழுந்தது. பொருள் ஒன்றாயின் பண்பு ஏன் வேறாயிற்று? காரீயம் நகத்தாற் கீறப்படும். வயிரமோ எதனையும் கீறும். 1812 இல் பிரெடரிக் மோஸ் வகுத்த வன்மை அளவீட்டிலே காரீயம் 1 முதல் 2 வரை நிற்க, வயிரம் 10 என்னும் உச்சியில் நிற்கின்றது. காரீயம் கறுத்தது, மின்னைக் கடத்துவது; வயிரம் தெளிந்தது, மின்னைக் கடத்தாதது. 1841 இல் பெர்சீலியசு என்னும் அறிஞர் இத்தகைய வேற்றுமைக்குப் பிறதிருப்பம் எனப் பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் காணும் கருவி தோன்றும்வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அக்கருவி எக்சுக் கதிர். 1913 இல் பிராக் என்னும் தந்தையும் மகனும் வயிரத்தினூடே அக்கதிரைச் செலுத்தி, அதன் அணுவொழுங்கை வெளிப்படுத்தினர். வயிரத்திலே ஒவ்வொரு காபன் அணுவும் நான்கு அணுக்களைப் பற்றி நிற்கின்றது. அந்நான்கும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளில் உள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றும் தன்னைச் சூழ வேறு நான்கினைப் பற்றுகின்றது. இவ்வாறு பிணைப்பு மூன்று பரிமாணத்திலும் இடையீடின்றித் தொடர்கின்றது. அணுவிற்கும் அணுவிற்கும் இடையேயுள்ள தூரம் 1.54 அங்ஸ்ரொம், அங்ஸ்ரொம் என்பது மீற்றரின் ஆயிரங் கோடியில் ஒரு பங்கு. எப்பக்கம் நோக்கினும் தளர்ந்த இடமில்லை. அதனைக் கீற வேண்டுமாயின் வலிய பிணைப்புகளை அறுத்தே ஆதல் வேண்டும்.

காரீயத்தின் அமைப்பை 1924 இல் பேர்னல் என்பார் தெளிவுபடுத்தினார். அதிலே ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களையே பற்றி, தேன்கூட்டின் அறைகள் போன்ற அறுகோணத் தகடுகளாய் விரிகின்றது. தகட்டினுள்ளே அணுக்களிடைத் தூரம் 1.42 அங்ஸ்ரொம். தகட்டிற்கும் தகட்டிற்கும் இடையே 3.35 அங்ஸ்ரொம். இவ்வெண்களிலே ஒரு வியப்பு உண்டு. காரீயத் தகட்டினுள் உள்ள பிணைப்பு வயிரத்தின் பிணைப்பினும் குறுகியது, அதனினும் வலியது. 2004 இல் கெயிம், நொவொசெலொவ் என்னும் இருவர் பசைநாடாவினாற் காரீயத்தை உரித்து உரித்து ஓரணுத் தடிப்புள்ள தகட்டைப் பிரித்தெடுத்தனர். அத்தகடு மிக்க வலிமையுடையது எனப் பின்னர் அளந்தறியப்பட்டது. இருவரும் 2010 இல் நோபெற் பரிசு பெற்றனர். ஆகவே, காரீயம் மெலிந்திருப்பது பிணைப்பு நலிந்தமையால் அன்று. ஒவ்வொரு தகடும் தன்னளவிலே வலியதாயிருந்தும், தகடுகளை ஒன்றோடொன்று பிணைப்பதற்கு வலிய கட்டு இல்லாமையே காரணம். சிறிது தள்ளினும் ஒரு தகடு மற்றொன்றின்மீது வழுக்குகின்றது. பென்சில் தாளிலே எழுதுவது அவ்வழுக்கலினாலேயே.

இவ்விரு பொருள்களின் ஆராய்ச்சியிலே தமிழ்நாட்டிற் பிறந்த இருவர்க்குச் சிறந்த பங்குண்டு. ஒருவர் 1888 இல் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், மற்றவர் 1898 இல் வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருட்டிணன். இராமன் விளைவு 1928 இல் கண்டறியப்பட்டபோது இருவரும் கல்கத்தாவில் ஒருங்கே உழைத்தவர்கள். பின்னர் ஒருவர் வயிரத்தையும் மற்றவர் காரீயத்தையும் ஆராய்ந்தமை பொருத்தமாகவே அமைந்தது. கிருட்டிணன், கங்குலி என்பாருடன் கூடி, காரீயத்திலே தகட்டின் வழியே மின் எளிதிற் செல்வதையும் தகடுகளுக்குக் குறுக்கே அரிதிற் செல்வதையும் 1939 இல் வெளியிட்டார். ஒவ்வோர் அணுவின் நான்கு இலத்திரன்களில் மூன்றே பிணைப்பிற் கட்டுண்ண, நான்காவது தகடெங்கும் உலவுவதே அதற்குக் காரணம். வயிரத்திலோ நான்கும் கட்டுண்டமையால் உலவுதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. ஆகவே, வயிரம் மின்னைக் கடத்தாமைக்கும் வன்மை மிக்கதாயிருத்தற்கும் அடிப்படை ஒன்றே.

பெங்களூரில் இராமன் நூற்றுக்கணக்கான வயிரங்களைச் சேர்த்து, அவற்றின் ஒளியையும் அதிர்வையும் ஆராய்ந்தார். சில வயிரங்கள் ஊதாக் கடந்த கதிரை உட்புகவிடாமையும் சில உட்புகவிடுதலும் 1934 இலேயே மேனாட்டில் அறியப்பட்டிருந்தன. அவ்வேற்றுமைக்குக் காரணம் வயிரத்தின் அணுவொழுங்கிலேயே இருவகைச் சமச்சீர் இருப்பதாகும் என்று இராமன் கொண்டார். 1959 இல் கைசர், பொண்ட் என்னும் இருவர், அவ்வேற்றுமை வயிரத்தினுட் சிறிதளவாய்க் கலந்த நைதரசனாலேயே உண்டாவது எனக் காட்டினர். பெரும்புலவரின் கொள்கையும் அளவையின்முன் நிற்க வேண்டியதே. அதனால் அவர்தம் பெருமை குறைவதில்லை. அவர் எழுப்பிய வினாவே பலரைச் சோதனைக்குத் தூண்டியது. ஆசிரியர் கூற்றென்பதனால் ஒன்றை ஏற்றலும், பிழை கண்டவிடத்து ஆசிரியரை இகழ்தலும் ஆகிய இரண்டும் கல்விக்கு ஆகா என்பதனை மாணவர் இதனால் உணர்தல் வேண்டும்.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, வன்மைக்குக் காரணம் பொருளன்று, அடுக்கே என முடிவு செய்வாரும் உளர். அது பாதி உண்மையே. சிலிக்கன் என்னும் மூலகமும் அணுவுக்கு நான்கு பிணைப்பாய், வயிரம் அடுக்கப்பட்டவாறே அடுக்கப்பட்டது. ஆயினும், அதன் வன்மை மோஸ் அளவீட்டிலே 7 ஐக் கூட மிஞ்சுவதில்லை. காரணம் யாது? சிலிக்கன் அணு பெரியது. அதன் அணுக்களிடைத் தூரம் 2.35 அங்ஸ்ரொம். பிணைப்பு நீண்டமையால் வலி குறைந்தது. ஓரிடத்தே அடங்கும் பிணைப்புகளின் தொகையும் குறைந்தது. காபன் அணு சிறியது. அதனால் அதன் பிணைப்பு குறுகியது, வலியது, நெருங்கியது. அடுக்கு இன்றேல் காபனும் மெலியும் என்பதற்குக் காரீயம் சான்று. காபன் இன்றேல் அடுக்கும் பயன் குன்றும் என்பதற்குச் சிலிக்கன் சான்று. ஆகவே, கரியாயிருந்தும் வயிரம் வன்மையுடையதாயிற்று என்பது பிழைபட்ட கூற்று. கரியாயிருப்பதனாலேயே, தக்க ஒழுங்கில் நின்றவிடத்து, அஃது அவ்வன்மையை அடைந்தது என்பதே நேரிய கூற்றாகும்.

இவ்விடத்தே வேறு இரு மயக்கங்களையும் நீக்குதல் தகும். வன்மை வேறு, உடையாமை வேறு. சம்மட்டியால் அடித்தாலும் வயிரம் உடையாது என்று உரோம நாட்டுப் பிளினி எழுதிய காலந்தொட்டு அக்கொள்கை வழங்கி வருகின்றது. உண்மையில் வயிரம் சில தளங்களின் வழியே பிளக்கும் இயல்புடையது, அடித்தால் உடையும். வயிரத்தை வகிர்வோர் தம் தொழிலை அவ்வியல்பினைக் கொண்டே நடத்துகின்றனர். இனி, நிலக்கரி அமுக்கத்தால் இறுகி வயிரமாகின்றது என்பது மற்றொரு மயக்கம். நிலக்கரி தாவரங்களின் எச்சம். தரையிலே தாவரங்கள் தோன்றியதோ ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். வயிரங்களிற் பல நூறு கோடி ஆண்டினும் முதியன; சில முந்நூறு கோடி ஆண்டுகளைக் கடந்தவை. அவை புவியின் உள்ளே 150 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலே, பேரமுக்கத்திலும் பெருவெப்பத்திலும் உருவாகி, எரிமலை வழியாக மேலே வந்தவை. நுரைச்சோலைக்கு வரும் நிலக்கரியை எத்துணைக் காலம் மண்ணினுள்ளே விட்டிருப்பினும் அது தானாக வயிரமாயிராது.

ஆயின், இயற்கை ஆழத்திற் செய்ததை மனிதன் ஆய்கூடத்திற் செய்யக் கற்றுக்கொண்டான். 1953 இல் சுவீடனிலும் 1954 இல் அமெரிக்காவிலும் பேரமுக்கத்தையும் பெருவெப்பத்தையும் உண்டாக்கிக் காபனை வயிரமாக மாற்றினர். உருகிய உலோகத்திலே கரைந்த காபன் வயிரமாய்ப் படிந்தது. இன்று உலகிலே கல்லறுக்கவும் உலோகம் கடையவும் பாறை துளைக்கவும் பயன்படுவன பெரும்பாலும் அத்தகைய ஆக்க வயிரங்களே. பண்டு அரசர் மட்டும் அணிந்த மணி தொழிலாளியின் கருவியாயிற்று.

நுரைச்சோலைக் கடலிலே நிலக்கரிக் கப்பல்கள் கரையை அணுகாது தொலைவில் நிற்க, தட்டைப் படகுகள் அச்சுமையைக் கரைக்குக் கொணர்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே கடல் கொந்தளிப்பதால் அவ்வேலை இயலாது. முன்னரே குவித்த கரியைக் கொண்டே உலை எரிய வேண்டும். அக்கரியிலுள்ள காபன் தன் வெப்பத்தைத் தந்து வளியாய் மறைகின்றது, சாம்பல் எஞ்சுகின்றது. அதே மாகாணத்துக் காரீயமோ பெரும்பாலும் மூலப்பொருளாகவே கடல் கடந்து செல்கின்றது. பிறநாட்டார் அதனைச் செம்மை செய்து, மின்கலமாகவும் பிறவாகவும் ஆக்கி, பன்மடங்கு விலைக்கு விற்கின்றனர். காபனை விலை கொடுத்து வாங்கி எரிப்பதும், அதனினும் சிறந்த காபனைச் செம்மை செய்யாது விற்பதும் ஒரு நாட்டிலே ஒருங்கே நிகழ்கின்றன. பொருளைப் பெற்றிருத்தல் மட்டும் செல்வம் ஆகாது. பொருளின் உள்ளமைப்பை அறிந்து ஆளும் அறிவே செல்வமாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. அவ்வறிவைத் தோற்றுவிக்கும் இடம் பள்ளிக்கூடத்து ஆய்கூடமே. ஒரு பென்சிலும் ஒரு கரித்துண்டும் சிறிது சுண்ணாம்புத் தெளிநீரும் உள்ள எளிய பள்ளியிலும் இப்பாடத்தைத் தொடங்குதல் கூடும்.

சடப்பொருளின் இயல்பினை மக்கள் வாழ்விற்கு முற்றாகப் பொருத்திக் காட்டுதல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. எனினும், ஓர் உண்மை நினைவிற்குரியது. காரீயத்தின் ஒவ்வொரு தகடும் தன்னுள்ளே வயிரத்தினும் வலிய கட்டுடையது. ஆயினும், அயலிலுள்ள தகட்டோடு கட்டின்மையால் அது வழுக்கி உதிர்கின்றது. வயிரமோ தன் வலிமையை எல்லாத் திசைக்கும் ஒப்பப் பகிர்ந்தமையால் நிலைபெறுகின்றது. தம்முள் மட்டும் இறுகப் பிணைந்து பிறரோடு பிணையாத கூட்டங்கள் பல வாழும் ஒரு நாட்டிலே, இவ்வேறுபாடு வேதிநூல் மாணவர் மட்டும் அறியத் தக்கதன்று.